போணிக்கு முன்னால் ஒரு படம்

பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்தே பழகிய கைக்குத் தெருவில் போய்ப் படம் எடுக்க வராது. இதை எனக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ராயபுரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் எங்கள் ஸ்டூடியோ. என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பிறந்தநாள் பேனரும் கண்ணீர் அஞ்சலி பேனரும் செய்வார். படம் எடுப்பது நான். பாஸ்போர்ட், ஹார்பர் பாஸ், ஸ்கூல் ஐ.டி. என்று எங்கள் ஏரியாவில் யார் பர்ஸைத் திறந்தாலும் நான் எடுத்த முகம் ஒன்று இருக்கும். அத்தனையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமராவை முறைக்கிற முகம். ஜனங்களை அசையாதே, அசையாதே என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. தன் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்கிற ஒரு முகத்தை ஒரே ஒரு தடவையாவது எடுத்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. பேராசை இல்லை, பாருங்கள்.

ஞாயிறு காலையில் தெருத்தெருவாகப் போய்ப் படமெடுக்கும் ஒரு குழுவில் சேர்ந்தேன். அதை நடத்துகிற பிரவீண் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற தம்பி. யாரையும் நிற்கச் சொல்லக் கூடாது என்றார். எடுத்தவுடன் கேமராவைத் திருப்பி ஸ்கிரீனைப் பார்க்கக் கூடாது, பார்க்கிற நேரத்தில் அடுத்த படம் போய்விடும் என்றார். ஜூன் கடைசியில் கண்காட்சி, ஆளுக்கு ஒரு படம், படத்தில் இருப்பவர் நம்மைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். கேமரா வாங்கிய ஜோரில் தெருவில் இறங்கி, யாரை எடுப்பது என்று தெரியாமல் படுத்திருக்கிற நாயையே சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருக்கும் என் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டீ மாஸ்டர்

முதல் ஞாயிறு கல்மண்டபம். டீக்கடையில் மாஸ்டர் ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி டீ ஆற்றிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து வெயில், பாலாவி, மடித்துக் கட்டிய லுங்கி, பக்கத்தில் பேப்பர் படிக்கிற இரண்டு பேர். ஒருத்தரும் என்னைக் கவனிக்கவில்லை. அடடா, முதல் நாளே மாட்டியதே என்று கேமராவைக் கண்ணில் வைத்தேன். வைத்தேனா, என் வாய் சும்மா இருக்கிறதா? "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க, தோளு நேரா" என்று சொல்லிவிட்டது. எல்லாம் பழக்க தோஷம். கேமரா கண்ணுக்கு வந்தால் அந்த வாக்கியம் தானாக வாய்க்கு வந்துவிடும்.

மாஸ்டர் டீயைக் கீழே வைத்தார். லுங்கியை இறக்கிவிட்டார். சட்டைப் பட்டனைக் கழுத்து வரைக்கும் போட்டார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, கைகளைத் தொடையோடு ஒட்டி நின்றார். பேப்பர் படித்தவர்கள் மட்டும் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. மனுஷன் இவ்வளவு தூரம் தயாராகிவிட்டாரே என்று ஒன்று எடுத்தேன். அப்போதும் அவருக்கு ஒரு சந்தேகம்.

"கண்ணாடிய கழட்டணுமாக்கா?"

நீலச் சுவர்

அடுத்த வாரம் தண்டையார்பேட்டை. இந்தத் தடவை வாயில் ஏலக்காயைப் போட்டுக் கடித்துக்கொண்டு போனேன். ஒரு குடோன் வாசலில் லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. முதுகு வளைந்து, வேர்வை வழிய, பலகை மேல் ஒருவர் பின் ஒருவராக இறங்கி வருகிறார்கள். நான் வாயே திறக்கவில்லை. ஆனால் அங்கே மேஸ்திரியாக இருக்கிற முஸ்தபா பாய் என்னைப் பார்த்துவிட்டார். மாசத்துக்கு ஒரு தடவை நானே குடோன்களுக்குப் போய் மொத்தமாக ஹார்பர் பாஸ் படம் எடுப்பது உண்டு. அதற்குத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார் பாய்.

மூட்டை இறக்குவது நின்றது. ஆட்கள் தலை சீவிக்கொண்டு வரிசையில் வந்து நின்றார்கள். ஒரு சீப்பு வரிசை முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. லாரி டிரைவர் ஹாரனை அடித்துத் தீர்த்தார். நான் சும்மாதான் எடுக்கிறேன், எனக்காக எடுக்கிறேன் என்று பாயிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தொழில் தெரியாதவளுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்வது போலச் சொன்னார்.

"இந்த செவுரு நீலமா கீது, பாஸுக்கு ஏத்துக்க மாட்டான். அந்தாண்ட வெள்ள செவுரு கீது, அங்க வாக்கா."

நெட்டுக்குப்பம்

என்னைத் தெரியாத ஊராகப் பார்த்துப் போனால்தான் சரிப்படும் என்று எண்ணூருக்கு பஸ் ஏறினேன். நெட்டுக்குப்பத்தில் முகத்துவாரத்துப் பக்கம் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்த மாதிரி நகர்ந்து நகர்ந்து, கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் புகைபோக்கிகள். ஸ்டூடியோக்கா என்று கூப்பிட ஆள் இல்லை. பக்கத்தில் போனேன்.

அங்கே வேறு கதை. கேமராவோடு வருகிறவர்கள் எல்லாம் டிவிக்காரர்கள். ஒரு அம்மா தண்ணீரை விட்டு எழுந்து வந்து எந்த டிவி என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் ஆற்றில் சேறு ஏறிவிட்டதையும், இறால் குறைந்துபோனதையும், பஸ் நேரத்துக்கு வராததையும் கேமராவைப் பார்த்து மளமளவென்று சொல்லி முடித்துவிட்டார். அத்தனையும் நியாயமான பேச்சு. எனக்குத்தான் கூச்சமாகப் போய்விட்டது. நான் டிவி இல்லைம்மா, ஆசைக்குப் படம் எடுக்க வந்தேன் என்றேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபம் இல்லை, நிஜமான கவலைதான்.

"சும்மா எடுக்கறதுக்கா இம்மாந்தூரம் வந்த? வூட்ல யாரும் இன்னா ஏதுன்னு கேக்க மாட்டாங்களா?"

கேட்டு வாசல்

காட்டுப்பள்ளி போகிற ரோட்டில் ஒரு கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் செக்யூரிட்டிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். தூங்குகிறவர் எப்படி கேமராவைப் பார்ப்பார்? என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு எடுத்தேன். சத்தத்தில் விழித்துக்கொண்டார். இங்கே படம் எடுக்கக் கூடாது, உடனே அழி என்று எழுந்து நின்று விரட்டினார். அழிப்பதற்காக ஸ்கிரீனில் படத்தைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். மறுபடியும் வாங்கிப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கேட்டுக்கு உள்ளே யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு வாட்ஸப்ல ஒண்ணு அனுப்பிட்டு அழிச்சிடுங்க மேடம்."

போணி

இப்படிச் சுற்றி அலைந்து கடைசியில் காசிமேட்டுக்கு வந்து சேர்ந்தேன். விடிகிற நேரத்து மீன் மார்க்கெட்டில் யாருக்கும் யாரையும் பார்க்க நேரம் இருக்காது என்பது என் கணக்கு. அங்கேதான் தேசம்மா. என் வயசுதான் இருக்கும். ஏலத்தில் கூடை எடுத்து வந்து உட்கார்ந்து விற்கிறவள். அன்றைக்குக் கூடையில் சங்கரா மீனை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் எடுத்தேன்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். முதல் வியாபாரம் ஆவதற்குள் கூடையைப் படம் பிடித்தால் அன்றைய வியாபாரம் படுத்துவிடுமாம். எனக்கு எங்கே தெரியும்? என் கண்ணு, என் கேமரா, என்னைப் பெற்றவர்கள், ஒருத்தரையும் விட்டுவைக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரிகளும் சேர்ந்துகொண்டார்கள். ஓடிவிடலாம் என்று திரும்பினால் பின்னால் ஒரு ஆள் நிற்கிறார். கல்யாண சமையல் காண்டிராக்டர். பேரம் பேசாமல் மொத்தக் கூடையையும் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். வெயில் ஏறுவதற்குள் தேசம்மாவுக்கு வேலை முடிந்தது.

அடுத்த ஞாயிறு அவள் கண்ணில் படாமல் சுவரோரமாகப் போனேன். மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கூப்பிட்டாள். இன்றைக்கு யாரைத் திட்டப்போகிறாளோ என்று பயந்துகொண்டே போய் நின்றேன். கூடையை என் பக்கமாக நகர்த்தினாள்.

"யக்கா, போணிக்கு மின்ன ஒண்ணு அட்ச்சிட்டுப் போ."

கைராசி

விஷயம் பரவிவிட்டது. ஸ்டூடியோக்காவுக்குக் கைராசி, அவங்க எடுத்தால் கூடை காலி என்று ஆகிவிட்டது. காலியாகாத நாளும் உண்டு. அன்றைக்கு மட்டும் நான் லேட்டாக வந்ததுதான் காரணம் என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். ஞாயிறு விடிந்தால் வரிசையாக உட்கார்ந்து காத்திருப்பார்கள். தலையில் பூ. கையில் இருப்பதிலேயே பெரிய மீனைத் தூக்கிக் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு சிரிப்பு. வேலை பார்க்கிற முகம் வேண்டும் என்று போன எனக்கு, மீனும் சேர்ந்து என்னை முறைக்கிற படங்கள் குவிந்தன.

குழுவில் எல்லாரும் கண்காட்சிக்குப் படம் கொடுத்துவிட்டார்கள். நான் மட்டும்தான் பாக்கி. கார்டில் இருந்ததை எல்லாம் பிரவீணிடம் காட்டினேன். தம்பி நல்ல மாதிரி, மனசு நோகப் பேசத் தெரியாது. வெகுநேரம் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுக் கேமராவைக் கீழே வைத்தார். அப்புறம் அவர் சொன்ன ஒரு வார்த்தைக்கு, வீட்டுக்கு வரும்போது எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

"நல்லாத்தான் இருக்குக்கா, ஆனா மீன் கடை விளம்பரம் மாதிரி இருக்கு."

தேசம்மா கேட்டது

நடுவில் மீன்பிடித் தடைக்காலம். பெரிய போட்டெல்லாம் கரையில் கிடந்தன. தேசம்மாவின் வீட்டுக்காரர் ஏழுமலைக்கு ஒரு விசைப்படகில் பாதிப் பங்கு. போன சீசனில் இன்ஜின் படுத்து, போட்டு பாதி நாள் கடலுக்கே போகவில்லை. ஒருவழியாக இப்போது சரிசெய்திருந்தார்கள். தடை முடிந்து போகிற முதல் டிரிப்பில் மீன் ஏறவில்லை என்றால் போட்டை விற்றுவிடலாம் என்று கூட்டாளி சொல்லிவிட்டார். விற்றால் ஏழுமலை இன்னொருத்தர் போட்டில் கூலிக்குப் போக வேண்டியதுதான். சொந்தப் போட்டில் டிரைவராக நின்ற ஆள் அது மாதிரிப் போவாரா என்பது தேசம்மாவின் கவலை.

இதை எல்லாம் அவள் ஸ்டூடியோவுக்கு வந்து, பாஸ்போர்ட் எடுக்கிற ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னாள். போட்டு கிளம்புகிற அன்றைக்கு நான் வந்து படம் எடுக்க வேண்டுமாம். சங்கராக் கூடை வேறு, போட்டு வேறு. மீன் ஏறவில்லை என்றால் பழி என் கேமரா மேல்தான் விழும். அப்புறம் காசிமேட்டில் நான் தலைகாட்ட முடியாது. என்னால் ஆகாதும்மா, எனக்கு ராசியும் இல்லை ஒன்றும் இல்லை என்றேன். மார்க்கெட்டையே கிடுகிடுக்க வைக்கிற தொண்டை அவளுக்கு. அன்றைக்கு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசினாள்.

"உன்ன நம்பிதான்க்கா வந்துகினேன், கயிறு அவுக்கறப்போ ஒண்ணே ஒண்ணு அடி, போதும்."

கயிறு அவிழ்த்த நேரம்

விடியற்காலையில் போனேன். ஐஸ் ஏற்றியாகிவிட்டது. பூசணிக்காய் சுற்றி உடைத்து, கற்பூரம் காட்டி முடித்திருந்தார்கள். அதுவரைக்கும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், சிரித்தார்கள், நெஞ்சை நிமிர்த்தினார்கள். அப்புறம் இன்ஜின் போட்டார்கள்.

இன்ஜின் சத்தம் மாறாமல் ஓடுகிறதா என்று எல்லார் காதும் அங்கே போய்விட்டது. ஏழுமலை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே கயிற்றை அவிழ்த்தார். ஒருத்தர் பாதி இட்லியை வாயில் வைத்தபடி மெல்லாமல் நின்றார். தேசம்மா முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பிசைந்துகொண்டிருந்தாள். ஏழுமலை கடைசியாக அவளைப் பார்த்தார், அவளும் பார்த்தாள். கேமரா என்று ஒன்று அங்கே இருப்பதே யாருக்கும் நினைப்பில்லை. என் வாய்கூட சும்மா இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். க்ளிக், க்ளிக் என்று அமுக்கினேன். பிரவீண் சொன்னபடி ஸ்கிரீனைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு படம் நான் எடுத்ததில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

போட்டு தூரத்தில் திரும்பி மறைகிற வரைக்கும் தேசம்மா தலையைத் திருப்பவில்லை. கடலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எட்த்துட்டியாக்கா?"

கார்டு

எடுத்துட்டேன் என்று சொல்லிவிட்டு ஸ்டூடியோவுக்குப் பறந்தேன். வீட்டுக்காரரை எழுப்பி, ஒரு படம் காட்டுகிறேன் வாங்க என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். கேமராவின் மூடியைத் திறந்தேன். உள்ளே கார்டு இல்லை. கார்டு கம்ப்யூட்டரில் சொருகி இருந்தது. முந்தின நாள் யாருடைய பாஸ்போர்ட் படத்தையோ ஏற்றிவிட்டு நான்தான் அப்படியே விட்டிருக்கிறேன். எங்கள் கேமரா கார்டு இல்லாமலும் ஜம்மென்று க்ளிக் ஆகும். தொழில் செய்கிறவர்கள் யாரும் கார்டை மறக்க மாட்டார்கள் என்று அதைச் செய்தவனுக்கு நம்பிக்கை போலிருக்கிறது.

தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். போன படம் போனதுதான், அதற்கு அழுது பிரயோஜனம் இல்லை. தேசம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? நம்பி வந்தவளுக்கு வெறும் டப்பாவைக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன். போட்டு நடுக்கடலில் இருக்கிறது. இப்போதே போய்ச் சொல்லிவிடட்டுமா என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் கார்டைப் பிடுங்கி என் கையில் வைத்தார்.

"வாயத் தொறக்காத, போட்டு வர்ற வரைக்கும் அந்தப் பக்கமே போவாத."

கண்காட்சி

போட்டு திரும்புவதற்குள் கண்காட்சி வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் டீ மாஸ்டர் படத்தைக் கொடுத்தேன். அவர் பார்த்தால் என்ன, பக்கத்தில் பேப்பர் படிக்கிற இரண்டு பேர் பார்க்கவில்லையே என்று பிரவீண் பெரிய மனசு பண்ணி மாட்டினார். எனக்கு எதிலும் மனசு ஓடவில்லை. கடல் பக்கம் மேகம் கறுத்தால்கூட என் தப்பு மாதிரி இருந்தது. டீ மாஸ்டர் குடும்பத்தோடு வந்தார். தன் படத்துக்கு முன்னால் நின்று, தன்னை அறியாமல் கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டார். பார்த்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பியபோது முகத்தில் வருத்தம்.

"கீழ கடசி பட்டன் போடல பாரு, அப்பவே சொல்லக் கூடாதாக்கா?"

வஞ்சிரம்

ஒரு மத்தியானம் தேசம்மா ஸ்டூடியோ படியேறி வந்தாள். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் காலைப் பார்த்தேன். கால்மாட்டில் பை, பையில் வஞ்சிரம் வால் நீட்டிக்கொண்டிருந்தது. போட்டு நிறைய மீனோடு வந்து சேர்ந்ததாம். கூட்டாளி விற்கிற பேச்சையே எடுக்கவில்லையாம். ஏழுமலை அடுத்த டிரிப்புக்கு ஐஸ் சொல்லிவிட்டாராம். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது, எனக்கும்தான். அந்த நிமிஷத்தில் அவள் கேட்டாள், அன்றைக்கு எடுத்த படத்தைப் பெரிசாகப் போட்டுக் கண்ணாடி மாட்டிக் கொடு, போட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும் என்று.

வீட்டுக்காரர் பின்னாலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று சைகை காட்டினார். மீனைக் கையில் வாங்கிக்கொண்டு எப்படிப் பொய் சொல்வது? கேமராவின் மூடியைத் திறந்து காலி இடத்தைக் காட்டி, கார்டு இல்லாமல் வந்துவிட்டேன் தேசம்மா, படம் விழவே இல்லை என்று சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். அப்புறம் மூடியை அவளே அழுத்தி மூடி, கேமராவை என் கையில் கொடுத்தாள்.

"அப்ப அடுத்த தபாவும் கார்டு போடாமயே வந்துடுக்கா."

ஆகவே சக பாவிகளே, ஒவ்வொரு டிரிப்புக்கும் மூடியைத் திறந்து தேசம்மாவிடம் காட்டிவிட்டு, யாருமே என்னைப் பார்க்காத, யாருமே நிமிர்ந்து நிற்காத அருமையான படங்களை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன், உங்களுக்குக் காட்டத்தான் ஒன்றுகூட இல்லை.